எக்ஸ்ரே மெஷின் வாங்கியாயிற்று, படம் எடுத்தார்களா?

கேள்வி இது: "சிஏஜி அறிக்கை வரும்போதெல்லாம் இத்தனை ஆயிரம் கோடி இழப்பு என்று தலைப்புச் செய்தி வருகிறது. இரண்டு நாள் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பணம் திரும்பி வந்ததாகவும் தெரியவில்லை, யாரும் தண்டனை பெற்றதாகவும் தெரியவில்லை. அப்புறம் எதற்கு இந்தத் தணிக்கை? நாம் கட்டும் வரிக்கு உண்டான பலன் கிடைக்கிறதா என்று உண்மையிலேயே யாராவது பார்க்கிறார்களா?"

பார்க்கிறார்கள். சிஏஜி என்கிற இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் கீழ், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைத்தான் நான் செய்தேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. உங்கள் கோபத்தில் பாதி முழு நியாயம். மீதிப் பாதி, தணிக்கை என்றாலே திருடனைப் பிடிப்பது என்று நமக்குப் பழகிப்போனதால் வருகிறது. தணிக்கையாளர் போலீஸும் இல்லை, நீதிபதியும் இல்லை. ஒரு ரூபாயைக்கூட அவரால் திருப்பி வாங்க முடியாது, ஒரு குமாஸ்தாவைக்கூட சஸ்பெண்ட் செய்ய முடியாது. அவரிடம் இருப்பவை இரண்டே: அரசு அலுவலகத்தின் எந்தக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை, பார்த்ததை எழுதி நாடாளுமன்றத்தின் முன்போ சட்டமன்றத்தின் முன்போ வைக்கும் கடமை. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது நம் பிரதிநிதிகள் கையில், அவர்கள் வழியாக நம் கையில் இருக்கிறது.

"பலன் கிடைக்கிறதா" என்று கேட்டீர்களே, அதை ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

ஒரு தாலுகா அரசு மருத்துவமனைக்குத் தணிக்கைக்குப் போயிருந்தோம். புதிதாக ஓர் எக்ஸ்ரே மெஷின் வாங்கியிருந்தார்கள். டெண்டர் முறைப்படி விட்டிருந்தார்கள். குறைந்த விலை கொடுத்தவருக்கே ஆர்டர். டெலிவரி சலான் இருந்தது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதிவு இருந்தது, நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்ற சான்றிதழும் கையெழுத்தோடு இருந்தது. பில் பாஸாகிப் பணமும் போய்விட்டது. பழைய காலத்துத் தணிக்கை என்றால் இந்த இடத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வவுச்சருக்குப் போய்விடலாம். எங்கள் குழுவில் இருந்த ஓர் அம்மா, என்னைவிட இளையவர், ஃபிலிம் செலவாகும் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். பதினான்கு மாதமாக ஒரு பதிவும் இல்லை.

மெஷினைப் பார்க்கப் போனோம். ஒரு மூலை அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அந்த அறைக்கு த்ரீ-ஃபேஸ் மின்சாரம் இல்லை. இணைப்புக்கான எஸ்டிமேட் வேறொரு துறையில் கிடந்தது. கதிர்வீச்சுக் கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அதற்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. ரேடியோகிராபர் பணியிடம் காலி. வெளியே வராந்தாவில், கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பையனை, பஸ் ஏறிப் போய் டவுனில் ஒரு தனியார் லேபில் படம் எடுத்துவரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் ஒரு பைசா திருடவில்லை. ஒரு விதியும் மீறப்படவில்லை. ஆனால் அந்த ஊர் மக்களுக்குக் கிடைத்த பலன் பூஜ்யம். நான் இவ்வளவு காலம் கழித்தும் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: அரசுச் செலவில் நம்மை அதிகம் நஷ்டப்படுத்துவது, சரியாகக் கணக்கு எழுதி வைத்த வீண் செலவு. பணத்தை எண்ணினால் அது தெரியாது. அந்த ரெஜிஸ்டரைப் புரட்டினால்தான் தெரியும்.

தணிக்கையில் இதற்கு மூன்று கேள்விகள் உண்டு. வாங்கியதைக் குறைந்த விலைக்கு வாங்கினார்களா என்பது சிக்கனம். கொடுத்த பணத்தில் செய்ய முடிந்த அளவு வேலையைச் செய்தார்களா என்பது திறன். எதற்காகச் செய்தார்களோ அது நடந்ததா என்பது பயன். ஆங்கிலத்தில் மூன்று சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஆபீஸில் 'மூன்று ஈ' என்போம். பிரிட்டன் தன் 1983ஆம் ஆண்டு தேசியத் தணிக்கைச் சட்டத்தில் இந்த மூன்றையும் பெயர் சொல்லியே எழுதிவைத்தது. நம் ஊரில் பள்ளிக்கூடக் கழிப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டைவிடக் குறைவான செலவில் கட்டினார்கள், சிக்கனத்துக்கு முழு மதிப்பெண். ஓர் ஆண்டில் கட்ட வேண்டியதை எட்டே மாதத்தில் கட்டிவிட்டார்கள், திறனுக்கும் முழு மதிப்பெண். தண்ணீர்க் குழாய் வரவில்லை, அதனால் பூட்டு தொங்குகிறது, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வருவதில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்காத வரைக்கும் அது ஒரு வெற்றித் திட்டம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அளந்தால் தணிக்கையே தவறு செய்யும். 108 ஆம்புலன்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடியது என்று மட்டும் பார்த்தால், கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் நிற்கிற வண்டிகளைப் பட்டணத்துக்கு மாற்றச் சொல்லத் தோன்றும். ஆனால் மலையில் நாளெல்லாம் சும்மா நின்று ஒரே ஒரு பிரசவ வலிக்காரியை நேரத்துக்கு இறக்கிக் கொண்டுவரும் வண்டி, நின்ற நேரத்துக்கும் சேர்த்து வேலை பார்த்ததாகத்தான் கணக்கு. இளைய தணிக்கையாளர்களிடம் இதை நான் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம், சுருக்கமாக. அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையான பிரிவுகள் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவருக்கு உரியவை. குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நீக்க வேண்டுமென்றால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன நடைமுறையோ அதே நடைமுறைதான். ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி வகிக்கக்கூடாது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருக்கக்கூடும் என்றார். நீதித்துறையின் கடமைகளைவிட இவருடைய கடமைகள் முக்கியமானவை என்றும் சொன்னார். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய அதிகாரங்களை விரித்துச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'செயல்திறன் தணிக்கை' என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் 2012இல் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார்: வரவு செலவு சரிபார்ப்பதோடு சிஏஜி நிறுத்திக்கொள்ள வேண்டாமா, திட்டம் பலன் தந்ததா என்று கேட்க அவர் யார் என்று. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஐந்தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற கணக்குப்பிள்ளை அல்ல சிஏஜி என்பது நீதிபதிகள் சொன்னதன் சாரம். அந்த நாள் எங்கள் ஆபீஸில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, அந்தக் கோடிகள். உங்கள் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

தணிக்கை அறிக்கையில் வரும் தொகைகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. 'கையாடல்' என்று எழுதியிருந்தால் அது திருட்டு. 'அதிகப்படியான பட்டுவாடா' என்றால் கொடுக்க வேண்டியதற்கு மேல் கொடுத்தது, திரும்ப வாங்கலாம். 'தவிர்த்திருக்கக்கூடிய செலவு' என்றால் யோசித்துச் செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும். 'பலனற்ற செலவு' என்றால் அந்த எக்ஸ்ரே மெஷின். 'முடங்கிய நிதி' என்றால் பணம் எங்கோ ஒரு வைப்புக் கணக்கில் தூங்குகிறது. 'கிடைத்திருக்கக்கூடிய வருவாய்' என்றால் அது ஒரு கணிப்பு. தொலைக்காட்சி விவாதத்தில் இந்த ஆறும் ஒரே சொல்லாகிவிடும்: ஊழல். அப்படிக் கலந்துவிட்டால், நிஜமான திருட்டும் தப்பிக்கும், நிஜமான வீண் செலவும் தப்பிக்கும்.

செல்பேசி நிறுவனங்களுக்கு 2ஜி அலைக்கற்றை ஒதுக்கிய விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 நவம்பரில் வந்த அறிக்கையில் எல்லோருக்கும் நினைவிருப்பது 1.76 லட்சம் கோடி. அந்த அறிக்கையிலேயே வேறு கணிப்புகளும் இருந்தன; மிகக் குறைந்தது ஏறக்குறைய 57,666 கோடி. எந்த விலையை அளவுகோலாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறியது. 2010இல் நடந்த 3ஜி ஏலத்தின் விலையை 2008க்குப் பொருத்தினால் பெரிய எண், உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் பங்குகளை விற்ற விலையை வைத்தால் சின்ன எண். எல்லாமே 'இப்படி விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கும்' என்ற வகை. ஆனால் அறிக்கையின் முதுகெலும்பு அந்த எண்ணில் இல்லை. 2008 ஜனவரியில் கொடுத்த உரிமத்துக்கு 2001இல் நிர்ணயித்த விலையை, நாடு முழுவதற்கும் சுமார் 1,658 கோடி என்ற அதே விலையை ஏன் வாங்கினீர்கள்? விண்ணப்பிக்கும் கடைசி நாளை ஏன் முன்னே இழுத்தீர்கள்? இவைதான் கேள்விகள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரையும் விடுவித்தது. ஒரு தரப்பு முதல் தீர்ப்பைக் காட்டி சிஏஜி வென்றது என்கிறது, மறு தரப்பு இரண்டாவதைக் காட்டி சிஏஜி பொய் சொன்னது என்கிறது. இரண்டு நீதிமன்றங்களும் பதில் சொன்ன கேள்விகளே வேறு வேறு: ஒதுக்கீட்டு முறை சட்டத்துக்கு உட்பட்டதா என்பது ஒன்று, குற்றம் ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்டதா என்பது இன்னொன்று. பெரிய எண்ணைத் தலையில் தூக்கி வைத்ததால் தணிக்கைக்கே நஷ்டம் என்பது என் கருத்து. எண் விழுந்தபோது கேள்வியும் சேர்ந்து விழுந்ததாக மக்கள் நினைத்துவிட்டார்கள்.

2023 ஆகஸ்டில் துவாரகா விரைவுச் சாலை விஷயத்தில் இதே கதை திரும்ப நடந்தது. டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் 29 கிலோமீட்டர் சாலை. பாரத்மாலா என்ற தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த செலவு கிலோமீட்டருக்கு 18.20 கோடி, இந்தச் சாலைக்கு ஆனதோ கிலோமீட்டருக்கு 250.77 கோடி என்று அறிக்கை சொன்னது. ஒரு கிலோமீட்டர் ரோடு போட 250 கோடியா என்று நாடே கேட்டது. அமைச்சகம் சொன்ன பதில் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன்: 18.20 என்பது நாடு முழுதும் போடும் எல்லா வகைச் சாலைக்குமான சராசரி. இதுவோ பெரும்பகுதி உயர்மட்டப் பாலமும் சுரங்கப் பாதையுமாக உள்ள எட்டு வழிச் சாலை. டெண்டரில் மதிப்பீட்டைவிடக் குறைவாகவே முடிந்தது. வயல்வெளியில் போகும் நால்வழிச் சாலையோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது என்பது சரிதான். ஆனால் அதே பத்தியில் இன்னொரு வரி இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டு வழியாக, அதுவும் உயர்மட்டமாக ஏன் கட்ட வேண்டும் என்பதற்கான காரணம் கோப்பில் இல்லை என்றது அறிக்கை. விலை கூடுதலா குறைவா என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி அது. தரையிலேயே போட்டிருக்க முடியுமா, ஆறு வழி போதுமா என்று யார் எப்போது யோசித்தார்கள்? யோசித்திருந்தால் எழுதியிருப்பார்கள். பல ஆயிரம் கோடி ரூபாய் முடிவுக்கு ஒரு பக்கக் காரணம்கூட எழுதாமல் விடுவதுதான் எனக்கு 250 கோடியைவிட அதிர்ச்சி தருகிறது.

அதே மாதம் வந்த, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய அறிக்கையையும் சொல்ல வேண்டும். ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்பேசி எண்ணோடு பதிவாகியிருந்தார்கள். பயனாளி யார் என்று தீர்மானிப்பதில் செல்பேசி எண்ணுக்குப் பங்கில்லை என்று அரசு விளக்கியது, அது உண்மையும்கூட. ஆனால் சிகிச்சை நடந்ததா என்று நோயாளியிடமே கேட்டுச் சரிபார்க்க இருந்த வழி அந்த எண்தான். அது போனால், மருத்துவமனை அனுப்பிய பில்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்கெனவே இறந்துவிட்டதாக அதே கணினியில் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்காக 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது. மொத்தத் திட்டச் செலவில் இது தூசு. ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டியதுதான் அதன் மதிப்பு. நம் பக்கத்தில், செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு காலகட்டத்தில் கடந்துபோன வாகனங்களில் 53 சதவீதம் கட்டண விலக்குப் பெற்றவை என்று பதிவாகியிருந்ததைத் தென்னிந்தியச் சுங்கச்சாவடிகள் பற்றிய அறிக்கை எடுத்துக்காட்டியது. அந்தச் சாலையில் போகிற யாருக்கும் அந்த சதவீதம் ஒன்றே போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இப்போது "பிறகு ஒன்றுமில்லை" என்றீர்களே, அந்தப் பாதி நியாயத்துக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வீதம் திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்தது. சிஏஜி இதைப் பற்றி ஒரு முழுச் செயல்திறன் தணிக்கையே செய்தது. ஏரிக்குள் வந்த தண்ணீர், ஏரியில் மீதமிருந்த கொள்ளளவு, வெளியே விட்ட தண்ணீர் என்று மணிவாரியாகப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். இது மனிதர் செய்த பேரிடர், பொறுப்பு மாநில அரசினுடையது என்று எழுதினார்கள். அரசாங்கத் தணிக்கை மொழியில் இவ்வளவு நேராக எழுதுவது அபூர்வம். அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இடையில் இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் வந்து போய்விட்டன. வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் தாயைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர், காரணத்தை அரசின் ஏட்டில் படிக்க இரண்டரை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 151ஆவது பிரிவு, அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் நிலுவையில் கிடந்து, தேர்தல் முடிந்து ஆட்சி மாறியபிறகு 2025 பிப்ரவரியிலிருந்துதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பல மாநிலங்களில் கூட்டத்தொடரின் கடைசி நாள் மாலை வைத்துவிட்டு அவையை ஒத்திவைப்பது வழக்கமாகிவிட்டது. விவாதிக்க நேரம் இருக்காது. 60 நாள், அவை நடக்கவில்லை என்றால் அடுத்த கூட்டத்தின் முதல் நாள் என்று ஒரே ஒரு வரி சட்டத்தில் சேர்த்தால் போதும். கட்சி வேறுபாடில்லாமல் எல்லா அரசும் இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் இருப்பதில் ஒற்றுமையாக இருக்கின்றன.

அறிக்கை வந்த பின்னும் ஒரு பாதை உண்டு. தணிக்கைக் குழு ஆபீஸுக்கு வரும்போது கேள்விகளை எழுதிக் கொடுக்கும். 'ஹாஃப் மார்ஜின்' என்போம்: தாளில் ஒரு பாதி எங்கள் கேள்வி, மறு பாதி அவர்கள் பதிலுக்கு. அதில் தீராதது ஆய்வு அறிக்கையில் பத்தியாகும். நான்கு வாரத்தில் பதில் வர வேண்டும். பெரிய விஷயம் என்றால் வரைவுப் பத்தியாகித் துறைச் செயலாளருக்கே போகும். அவருக்கு ஆறு வாரம். அதையும் தாண்டியதுதான் நீங்கள் செய்தியில் படிக்கும் அறிக்கை. சட்டமன்றத்தில் வைத்ததும் அது எம்எல்ஏக்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் இந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. குழு செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும். அறையில் அந்த ஒரு மணி நேரம் நடப்பதை நான் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்துவிட்டு வந்த ஒரே ஓர் உறுப்பினர் இருந்தால் போதும், செயலாளர் தண்ணீர் குடிப்பார். படிக்காமல் வந்தால் டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

குழுவும் வருடக்கணக்கில் பின்தங்கியே இருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய பத்தியை இன்று விசாரித்தால், அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், அந்தக் காண்டிராக்டர் தொழிலையே விட்டிருப்பார். கீழ்மட்டத்தில் இன்னும் மோசம். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற மூன்று சொல் பதிலை என் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த எக்ஸ்ரே மெஷின் பத்திக்கும் அதுதான் பதில். இரண்டு வருடம் கழித்து அடுத்த குழு போனபோது மின்சாரம் வந்திருந்தது. மெஷினின் வாரண்டி முடிந்திருந்தது.

மார்ச் மாதத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற பயத்தில், தேவை இருக்கிறதோ இல்லையோ கருவூலத்திலிருந்து பணத்தை எடுத்து ஏதாவது ஒரு கணக்கில் போட்டுவிட்டு, 'முழுவதும் செலவிடப்பட்டது' என்று பயனீட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். மேலே இருப்பவர் அதை நம்பி அடுத்த தவணையை விடுவிப்பார். காகிதத்தில் ஒரு கால்வாய் தூர்வாரப்பட்டிருக்கும், நிஜத்தில் பணம் வங்கியில் இருக்கும்.

இதை, மாநிலத்தில் சிஏஜியின் அலுவலகமான ஏஜி ஆபீஸிலிருந்து போகும் நான்கு பேர் எல்லா ஊரிலும் பிடிக்க முடியாது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளையும் பேரூராட்சிகளையும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. உழைப்பாளிகள், ஆனால் அவர்களும் மாநில நிதித் துறையின் கீழேயே இருக்கிறார்கள். கால்வாய் தூர்வாரினார்களா என்பதற்கு முதல் சாட்சி அதன் கரையில் குடியிருப்பவர்தான்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் நடத்திய மக்கள் விசாரணை எனக்கு இன்றும் பெரிய பாடம். செய்தது எளிமையான ஒரு காரியம். பஞ்சாயத்து வேலைக்கான கூலிப் பட்டியலையும் பில்களையும் எடுத்து, ஊர் நடுவில் மைக் வைத்துச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. கட்டாத கட்டடத்துக்கு பில். ஊர்க்காரர்கள் எழுந்து நின்று "அது நான், எனக்குப் பணம் வரவில்லை" என்று சொன்னார்கள். எந்த ஆடிட்டருக்கும் கிடைக்காத சாட்சியம் அது. அங்கே தொடங்கிய கோரிக்கைதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதியது. 2017இல் மேகாலயா மற்ற அரசுத் திட்டங்களுக்கும் சேர்த்துத் தனிச் சட்டமே போட்டது. நமக்கு இது புதிதும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகக் கொண்டாடுகிறோம். யாரெல்லாம் ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்குத் தகுதி இழப்பார்கள் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் தடை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் கல்லில் வெட்டி வைத்தது.

சமூகத் தணிக்கையிலும் குறை உண்டு. எழுந்து பேசியவருக்கு அடுத்த வாரம் வேலை அட்டையில் பிரச்சினை வரும். கண்டுபிடித்த தொகையில் சொற்பமே திரும்ப வசூலாகிறது. தணிக்கைக்கு வருபவர்களுக்கான நிதியும், தணிக்கைக்கு உள்ளாகும் அரசிடமிருந்தே வர வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் நாம் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் ஒவ்வொரு துறைச் செயலாளரும் அந்தத் துறைச் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர். அமைச்சர் ஒரு செலவைச் செய்யச் சொல்கிறார், அது கொடுக்கும் பணத்துக்குப் பெறாது என்று செயலாளர் கருதுகிறார் என்றால், "எழுத்தில் உத்தரவு கொடுங்கள்" என்று கேட்பது அவர் கடமை. கொடுத்தால் செலவு நடக்கும், ஆனால் அந்தக் கடிதம் தணிக்கைத் தலைவருக்குப் போய்விடும். 2015இல் கிட்ஸ் கம்பெனி என்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டு மானியம் தருவதில் இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது. அமைச்சர்கள் உத்தரவிட்டார்கள், பணம் போயிற்று, சில நாட்களில் நிறுவனம் மூடப்பட்டது. அதன் நிர்வாகிகள் மீது நீதிமன்றம் பின்னர் குறை காணவில்லை. நான் சொல்ல வருவது, யார் எச்சரித்தார், யார் முடிவெடுத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை. இங்கே வாய்மொழி உத்தரவில் ஓடும் கோப்புகளில் மாட்டிக்கொள்வது எப்போதும் கீழே கையெழுத்துப் போட்டவர்தான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிஏஜி இணையதளத்தில் மாநிலவாரியாக அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னால் உள்ள சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த துறையின் அத்தியாயத்தைத் திறந்து, உங்கள் மாவட்டம் மாதிரிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் அரசு என்ன பதில் சொன்னது என்று இருக்கும். "பதில் வரவில்லை" என்றும் பல இடங்களில் இருக்கும். அந்த வரியை உங்கள் எம்எல்ஏவிடம் கொண்டுபோங்கள். கிராமத்தில் இருந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் போய், கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தகவல் அறியும் உரிமையில் கேட்கும்போது "எவ்வளவு செலவு செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு அழகான பதில் வைத்திருப்பார்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்: கடந்த 12 மாதங்களில் இந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்களின் எண்ணிக்கை, மாதவாரியாக. கருவி இயங்காத நாட்களும் அதற்கான காரணமும். ரேடியோகிராபர் பணியிடம் காலியாக இருந்த தேதிகள். மேற்படி பதிவேட்டின் நகல்.